மாப்பிள்ளை கடிதத்தில் சிவப்பு மை

பாசமிக்க அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, அதை நம்பாதே. உன் வீட்டு மாடியில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக் பையனை உன் மருமகளுக்கு, அதுதான் என் பெண்ணுக்கு, பேசி முடித்தாயே, அந்தச் சம்பந்தம் கைநழுவிப் போய்விட்டது என்றே நினைக்கிறேன். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நிச்சயத்துக்கு முன் மனம்விட்டு நாலு வார்த்தை பேசலாம் என்று மாப்பிள்ளை இவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போட்டிருக்கிறார். இவளோ அச்சகத்தில் பிழை திருத்துகிறவள், சோப்பு உறையைக்கூடச் சும்மா படிக்க மாட்டாள். கடிதத்தை மேசைமேல் விரித்து, வரிக்கு அடியில் அளவுகோல் வைத்து, சிவப்பு மையில் திருத்தி, ஓரத்தில் விளக்கமும் எழுதி, அவருக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். "ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்று கேட்டால், "பாலைவனம்ங்கற டெசர்ட்டுக்கு ஒரு எஸ்தான்பா. ரெண்டு போட்டா, சாப்பிட்டு முடிச்சதும் சாப்பிடற இனிப்பு. நீ இல்லாத வாழ்க்கை பாலைவனம்னு எழுத வந்தவர், நீ இல்லாத வாழ்க்கை இனிப்புன்னு எழுதியிருக்கார். அதை எப்படி விடறது?" என்கிறாள். எனக்கே ஒரு நிமிடம் அந்தப் பையன்மேல் கோபம் வந்தது.

அதோடு விட்டாளா? உன்னை இழக்க மாட்டேன் என்பதற்கு வரும் லூஸுக்கு ஒரு ஓ போதுமாம். அவர் இரண்டு போட்டதில் உன்னைத் தளர்த்த மாட்டேன் என்று ஆகிவிட்டதாம். "நட்டு போல்ட்டு முடுக்கற பிள்ளை, அந்தப் பழக்கமா இருக்கும்" என்று என் மனைவி பரிந்து பேசுகிறாள். பிறகு நிறைவு என்று சொல்ல வந்த காம்ப்ளிமென்ட்டில் ஈக்குப் பதில் ஐ போட்டுப் பாராட்டு ஆக்கிவிட்டாராம், அதற்கும் ஒரு வட்டம். அக்கா, இவளுக்கு அவரை ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆசையாகத்தான் திருத்தினாள். அது அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்? இப்போது ஃபோனைப் பார்ப்பதும் வைப்பதுமாக உட்கார்ந்திருக்கிறாள், எனக்குத் தாங்கவில்லை. நீ உடனே மாடியேறி, திருத்தியது பெண் இல்லை, அவள் அப்பன்தான், அவனுக்கு எப்போதும் கிறுக்கு என்று சொல்லிவிடு. என் மானம் போனால் போகட்டும்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

கலங்கிய மனத்துடன்,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மாப்பிள்ளையே வாசலில் வந்து நிற்கிறார். முழுக் கடிதத்தையும் புதிதாக எழுதிக் கொண்டுவந்து இவளிடம் நீட்டி, "நீங்க சொன்ன திருத்தமெல்லாம் போட்டுட்டேன். இன்னொரு தடவை பார்த்துக் குடுக்கறீங்களா?" என்றார். நின்ற இடத்திலேயே இரண்டு முறை படித்தாள். பிறகு அடியில் "அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர்கள் அச்சகத்தில் அந்தக் கையெழுத்து விழுந்தபிறகு ஒரு புள்ளியைக்கூட யாரும் மாற்றக் கூடாதாம். அக்கா, மாடியேறி மன்னிப்பெல்லாம் கேட்காதே. தேதி கேள்.