தெர்மாகோல் பெட்டிக்குள் ஒரு மனுஷன்

கூரியரில் வந்த தெர்மாகோல் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து ஆனந்தகுமார் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சுண்டுவிரலில் பாதிதான் இருக்கும். உள்ளே ஒன்றுமே தெரியவில்லை.

"காலியா இருக்குதேமா," என்றார் போனில்.

"காலி இல்லீங்க. கண்ணுக்குத் தெரியாத அளவுதான் இருக்கும். பேசிக்கினே நிக்காம உடனே ஃப்ரீசர்ல வைங்க. வெயில் பட்டாப் போச்சு."

ஸ்பீக்கரில் வந்த மனைவி சங்கரியின் குரல், தறிக்குப் பக்கத்தில் நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய அம்மா காமாட்சியம்மாள் வரைக்கும் கேட்டது.

சங்கரி அன்று திருமுக்கூடலில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். பட்டுக் கழிவு நூலில் தீக்காயத்துக்குக் கட்டு செய்ய முடியுமா என்று ஆராய்ச்சி செய்கிறவள் அவள். கல்லூரிக்கு விடுமுறை என்பதால் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தாள். குப்பியில் இருந்தது ஒரு புரதம். தோல் செல்களிடம் போய், 'வளருங்க' என்று சேதி சொல்லுமாம்.

"இது கெட்டா மறுபடி வர ரெண்டு மாசம். என் ஆராய்ச்சி இந்த வருஷம் முடியாதுங்க," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஃப்ரீசரைத் திறக்கப் போன மனிதர், திறந்திருக்கலாம். அதைவிட்டு லேபிளைப் படித்தார். அதில் 'ஹ்யூமன்' என்று இருந்தது.

"மனுஷனா?" என்றார் வாய்விட்டு.

"யாருப்பா வந்திருக்கிறது?" என்றாள் காமாட்சியம்மாள்.

"யாரும் வரலமா. பெட்டியில மனுஷன்னு போட்டிருக்குது."

"ஐயோ பாவம்."

முட்டை போட்ட கேக்கைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பும் வீடு அது. ஃப்ரிட்ஜில் மறுநாள் பிரதோஷ அபிஷேகத்துக்கான பால் வேறு இருந்தது. ஆனந்தகுமார் குப்பியைப் பெட்டிக்குள் வைத்து மூடி, ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, அம்மா காதில் விழாமல் பேச மாடிக்கு ஓடி மறுபடி போன் போட்டார்.

"இது மனுஷன் உடம்புலயிருந்து எடுத்ததா சங்கரி?"

"இல்லீங்க. மனுஷனோட ஜீன பாக்டீரியாவுக்குள்ள வச்சு செஞ்சது."

"அப்ப கிருமியா?"

"டிசைன் மனுஷனோடது, செஞ்சது கிருமி. முதலாளி டிசைன் குடுக்கிறாரு, நீங்க நெய்யறீங்க இல்ல, அது மாதிரி."

ஆனந்தகுமார் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நான் கிருமியா?"

"ஐயோ, எந்த ஃப்ரீசர்லயாவது வைங்க. பெட்டிய மட்டும் திறந்து திறந்து பாக்காதீங்க, குளிர் போயிடும்."

அவர் இறங்கி வந்தார். பெட்டியை நூலால் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, தெருமுனை ஐஸ்கிரீம் கடைக்குத் தூக்கிப் போனார்.

"ஒரு ரெண்டு மணி நேரம் ஃப்ரீசர்ல வச்சுக்க வெங்கடேசா."

"உள்ள என்னண்ணா?"

அவருக்குப் பொய் வராது. "மனுஷன். கொஞ்சூண்டுதான்."

வெங்கடேசன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தான். "குல்ஃபி பக்கத்துலயாண்ணா?"

பெட்டி மறுபடி வெயிலுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் எப்படியும் ஃப்ரீசர் இருக்கும் என்று ஷேர் ஆட்டோவில் ஏறினார். உள்ளே ஏற்கெனவே இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஓட்டுகிறவர் முருகேசன். பெட்டிமேல் ஒட்டியிருந்த தாளில் 'ஹ்யூமன்' என்றிருந்ததைத் திரும்பிப் படித்தார். ஆஸ்பத்திரி என்ற சொல்லும் காதில் விழுந்தது.

"யாரோ குடுத்த உறுப்புதான? சொல்லாதீங்கண்ணா, புரியுது," என்றார்.

"உறுப்பு இல்லப்பா, இது வந்து..."

"அக்கா, ரெண்டு பேரும் எறங்கி வேற வண்டி பாருங்க. உயிர் விஷயம்."

பட்டப்பகலில் ஹெட்லைட் எரிந்தது. ஹாரனிலிருந்து முருகேசன் கையை எடுக்கவே இல்லை. காந்தி ரோட்டில் புடவை வாங்க வந்த கார்களெல்லாம் ஒதுங்கின. ஒரு போலீஸ்காரர் சிக்னலை நிறுத்தி வழிவிட்டார். ஆனந்தகுமார் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் இந்தச் சத்தத்துக்குச் சக்கர நாற்காலியோடு ஒரு நர்ஸ் ஓடி வந்தார்.

"யாருக்கு சார் இது?"

"சங்கரிக்கு."

"அவங்க எங்க?"

"காதுகுத்துல."

"உள்ள இருக்கிறது கிட்னியா, கண்ணா?"

"ரெண்டும் இல்ல சிஸ்டர். அது பேசும். வளருங்கன்னு சொல்லும்."

நர்ஸ் சக்கர நாற்காலியை அவர் பக்கம் திருப்பி, "உக்காருங்க சார்," என்றார் மெதுவாக.

ஆனந்தகுமார் உட்காரவில்லை. பெட்டியோடு வீடுவரைக்கும் நடந்தே வந்தார். ஓரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. சங்கரி வந்து காத்திருந்தாள்.

"கெட்டுப்போச்சுமா. ஒரு வருஷத்த நான் பாழாக்கிட்டேன்," என்று நடந்ததை எல்லாம் சொன்னார்.

சங்கரி நூலை அறுத்துப் பெட்டியைத் திறந்தாள். உருகிப்போன ஐஸ் பைகள் இரண்டு கிடந்தன. கவிழ்த்துத் தட்டினாள். வேறு எதுவும் விழவில்லை.

"குப்பி எங்கங்க?"

அவர் பெட்டியை வாங்கித் தானும் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தார். வெங்கடேசன் கடையா, ஆட்டோவா, ஆஸ்பத்திரி வாசலா? சங்கரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

காமாட்சியம்மாள் தார் சுற்றுவதை நிறுத்தாமலே சொன்னாள்: "இவன் மாடிக்குப் போனப்பவே எடுத்து ஃப்ரீசர்ல வச்சிட்டேன்மா, வீடு தேடி வந்த மனுஷன வெயில்ல விடலாமா?"