துரை கப்பலேறும் வரை

1955 பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி, ஞாயிறு மாலை நாலரை மணிக்கு, வண்டிப்பெரியார் டீக்கடை வாசலில் நல்லதம்பி ‘பொறுத்து வாங்கு’ இனத்தவர் ஒருவரிடம் அகப்பட்டார். வாசகரே, இந்த இனம் தானும் எதையும் வாங்காது. பிறரையும் வாங்க விடாது.

தேயிலைத் தொழிற்சாலை எழுத்தரான நல்லதம்பிக்கு ஒரே ஆசைதான். மழைக்கு முன் தேக்கடி ஏரிக்கு இறங்கும் யானைக் கூட்டத்தைப் படமெடுத்துத் தந்தால், எஸ்டேட் காலண்டரில் அவர் பெயரோடு போடுவதாக மேனேஜர் வாக்களித்திருந்தார். அவர் காமிராவிலோ யானை எறும்பாகத் தெரிந்தது. ஆகவே, கைக்கு எட்டும் விலையில் தூரத்துப் பொருளைக் கிட்டே காட்டும் ஒரு பழைய டெலிலென்ஸை, பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம் என்ற பேச்சில், கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்திருந்தார்.

அந்த இனத்தவரான எஸ்டேட் கணக்கர் லட்சுமிநாராயணன், பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், அதை வாங்கிச் சூரியனுக்கு நேரே பிடித்தார், காதருகே குலுக்கினார், பூஞ்சை உண்டா என்று பொடி போட்ட மூக்கால் முகர்ந்தார், ஆயுளில் ஒரு படமும் எடுத்திராத விரல்களால் வளையத்தைத் திருகினார், பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சிலேயே லென்ஸ் பாதி செத்தது.

“இது மானுக்குக் காணும், ஆனைக்குப் போறாது. ஆனை பெரிசாக்கும், லென்ஸும் பெரிசா வேண்டாமோ?”

“பெரிசா இருந்தா சின்ன லென்ஸுலயே தெரியாதா சாமி?”

“விஷயம் தெரியாதவா பேசற பேச்சு. அடுத்த எஸ்டேட் துரை சீமைக்குப் போறான், கேட்டேளா? போறச்சே எல்லாம் ஏலம். அவன்ட்ட இருக்கறது பீரங்கி. சல்லிசாக் கிடைக்கும். பொறும்.”

துரைமார் ஏலத்தை நம்பி இந்த மலையில் எத்தனை குடும்பங்கள் கட்டில் வாங்காமல் தரையில் படுத்தன என்று யார் கணக்கெடுத்தார்கள்? லென்ஸ் கோயம்புத்தூருக்குத் திரும்பியது.

மார்ச்சில் துரை போகவில்லை. ஏப்ரலிலும் போகவில்லை. ஏரி வற்றியது, யானைகள் குட்டிகளோடு வந்தன, குளித்தன, புழுதி பூசிக்கொண்டன, போயின. மே கடைசியில் ஒருவழியாக ஏலம் நடந்தது. லென்ஸைத் துரை காமிராவோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டார். நல்லதம்பிக்குக் கிடைத்தது ஒரு பீங்கான் குளியல் தொட்டி. மறுநாள் மழை பிடித்தது.

ஜனவரியில் காலண்டர் வந்தது. படம், ஸ்டோர் கிளார்க் செபாஸ்டின் தம் பெட்டிக் காமிராவால் எடுத்தது. யானை கடுகளவு, பெயர் பூசணியளவு. லட்சுமிநாராயணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“செபாஸ்டினும் என்னண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

இவ்வளவு பாடுபட்டவர், நல்லதம்பியிடம் கைம்மாறு என்று எதையும் கேட்டதே இல்லை. வாசகரே, போன வாரம் நண்பர் ஒருவரிடம் நீங்களும் “கொஞ்சம் பொறு” என்றீர்கள் அல்லவா? உங்களுக்கும் அப்படியொரு கைம்மாறுக் கடன் எங்கேயோ நிலுவையில் நிற்கும். கேட்டுவிடாதீர்கள், வட்டியும் முதலுமாகக் கொடுத்துவிடுவார்கள்.