மரக்காணத்தில் மூச்சு விட்ட வீடு

பேய்க்குப் பயந்தவளை நல்ல காரியத்துக்கு அனுப்பக் கூடாது. என்னை அனுப்பினார்கள்.

அப்போது நான் கல்லூரி முடித்துவிட்டு கோட்டக்குப்பத்தில் வீட்டோடு இருந்தேன். வயதானவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள் வீட்டுக் கரண்டு பில்லைக் கட்டித் தருவதற்கு எங்கள் பக்கத்தில் சிலர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் நானும் சேர்ந்தேன். (சும்மா இருந்தால் அம்மா மாப்பிள்ளை பார்ப்பாள்.) மரக்காணம் உப்பளத்து ஓரத்திலிருந்து ராஜாங்கம் என்ற பெரியவர் உதவி கேட்டிருந்தார். இரண்டே பேர் உள்ள சின்ன வீடு. பில்லோ கல்யாண மண்டபத்துக்கு வருவதுபோல வந்திருந்தது. யாரோ கொக்கி போட்டுத் திருடுகிறார்கள் என்று நான் முடிவுகட்டினேன். கையும் களவுமாகப் பிடிக்கக் கிளம்பினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் வழி கேட்டேன்.

"அந்த வூடா?" கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தினார். "பொழுது போனாக்கூட லைட்டு எரியாதும்மா. மீட்டரு மட்டும் ஓடிக்கினே இருக்குது. உள்ள என்னமோ மூச்சு வுடுறாப்ல சத்தம் வேற." (விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று இன்று தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.)

உச்சி வெயில். இருபுறமும் வெள்ளை வெளேரென்று உப்புப் பாத்திகள். ஒரு ஆள் இல்லை, காக்கை இல்லை. காற்றுகூட நின்றுபோயிருந்தது. வெயிலில் கண் கூசி, கண்ணீர் வழிய அந்த வீட்டை அடைந்தபோது கதவு பாதி திறந்திருந்தது. ஜன்னல்கள் எல்லாம் அடைத்திருந்தன. கூப்பிட்டேன். உள்ளே காலை வைத்தேன். ஒன்றுமே தெரியவில்லை. அப்படி ஒரு இருட்டு.

உஸ்ஸ்... டக். உஸ்ஸ்... டக்.

யாரோ மூச்சு விட்டார்கள். மனிதர் விடும் மூச்சு இல்லை. நிதானமான, பெரிய மூச்சு. தெரிந்த துஆவை எல்லாம் ஓத ஆரம்பித்தேன். எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன.

"எம்மா நேரமா நிக்கிற? உக்காரு." என் காதுக்குப் பக்கத்திலேயே ஒரு குரல்.

அதே நேரத்தில் சில்லென்று ஏதோ ஒன்று என் கணுக்காலை உரசியபடி ஊர்ந்து போனது. அலறிக்கொண்டே சுவரைத் தடவினேன். ஸ்விட்ச் போர்டு கையில் பட்டது. லைட்டைப் போட்டால் போதும் என்று இருந்த ஸ்விட்சை எல்லாம் ஒன்றுவிடாமல் தட்டினேன்.

லைட் எரியவில்லை. மூச்சு நின்றது.

அடுத்த கணம் 'கீ' என்று காதைக் கிழிக்கும் சத்தம். அதற்கும் அப்பால், இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், விட்டு விட்டு வந்தது: "யாரு... நிறுத்தனது..."

ஓடினேன். வாசல் எங்கே முடிந்தது, பாத்தி எங்கே தொடங்கியது என்று பார்க்கவில்லை. உப்புத் தண்ணீரில் குப்புற விழுந்தேன். முழங்கால் தோல் உரிந்து, அதில் உப்பும் ஏறியது. (பேயே தேவலை.)

அங்கே கிடந்தபடி காதைத் தீட்டினேன். 'கீ' சத்தம் நின்றது. உஸ்ஸ்... டக். என் காதருகே பேசிய பெரியவர் வாசலுக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே எங்கோ பார்த்தார்.

"பில்லு விசயமா வந்த பொண்ணா? உள்ள வா. எனக்குக் கண்ணு தெரியாது. உனக்குன்னா லைட்டு போடறேன்."

கட்டில் தலைமாட்டில் தனியாக இருந்த ஸ்விட்சைப் போட்டார். கட்டிலில் அவர் மனைவி பாக்கியம் அம்மாள். மூக்கில் குழாய். அந்தக் குழாய் தரையில் நீண்டு, மூலையில் இருந்த ஆக்சிஜன் மிஷினில் போய் முடிந்தது. அந்த அம்மாள் புரண்டு படுத்ததில்தான் அது என் காலை உரசியிருக்கிறது. நான் அணைத்தது அந்த மிஷினை. 'கீ' என்று கத்தியது அதன் அலாரம்.

"நுரையீரல் போச்சும்மா. தூசு ஆவாதுன்னு ஜன்னல தொறக்கறதில்ல. லைட்ட நிறுத்தனா மிஷினுக்காவது ஆவும்னு இவ இருட்டுலயே கெடக்கறா," என்றார் பெரியவர். பிறகு குரல் தாழ்ந்தது. "பில்லு கட்டலன்னா ஃபீஸப் புடுங்கிடுவாங்களோன்னு பயமா இருக்குது."

ஃபீஸைப் பிடுங்க வேறு ஆள் எதற்கு? நானே வந்திருந்தேன். சொட்டச் சொட்ட நின்றுகொண்டு அழுதேன். பாக்கியம் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கியதும் மறுபடி சிரித்தார்.

"கருவாடு மாரி வந்து நிக்கிறா பாருங்க," என்றார் கணவரிடம், அவருக்கும் தெரியட்டும் என்று.

அந்த வீட்டு பில்லை அன்றிலிருந்து எங்கள் குழுதான் கட்டுகிறது. கரண்டு போனால் சமாளிக்க ஒரு சின்ன சிலிண்டரும் வாங்கிக் கொடுத்தோம். எனக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. ஆனாலும் கோட்டக்குப்பத்தில் கரண்டு போனால் அம்மா உடனே போன் செய்கிறாள்: "எந்த ஸ்விட்சுடி தட்டுன?" என் மாமியார் வீடே விழுந்து விழுந்து சிரிக்கும்.

நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே மரக்காணத்துக்குப் போன் போடுவேன். ராஜாங்கம் ஐயா ஹலோ சொல்வதில்லை.

"ஓடுதும்மா, ஓடுது," என்பார்.