காது, தொப்பி, தொந்தி

மேனேஜர் காதைத் தொட்டார். தபால்காரர் ஓடினார். அவர் மூச்சிரைக்க இரண்டாவது பேஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பந்து அவருக்கு முன்பே வந்து காத்துக்கொண்டிருந்தது.

"அவுட்!" என்றார் நடுவர்.

அத்தோடு அந்த ஆட்டமும் போயிற்று. இந்த வருடம் பதினொரு ஆட்டம், பதினொன்றிலும் தோல்வி. ஒன்றிரண்டு தோற்றால் விளையாடத் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். பதினொன்றிலும் தோற்றால் யாரோ காட்டிக்கொடுக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். இது மேனேஜரின் முடிவு, இதை யாராலும் அசைக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். பேஸ்பாலில் நாலு மூலைக்கு நாலு பேஸ், நாலையும் வரிசையாக ஓடித் தொட்டால் ஒரு ரன். மேனேஜர் என்பவர் மூன்றாவது பேஸுக்குப் பக்கத்தில் தன்னந்தனியாக நின்றுகொண்டு, தன் ஆட்களுக்குச் சைகையால் உத்தரவு கொடுப்பார். காதைத் தொட்டால் அடுத்த பேஸுக்கு ஓடு. தொப்பியைத் தொட்டால் பந்தை மெல்லத் தட்டி வை. தொந்தியைத் தடவினால் ஓங்கி அடி. தொந்தி, பேக்கரிக்காரர் கொடுத்த யோசனை. மேனேஜரிடம் தூரத்திலிருந்தும் தெளிவாகத் தெரிகிற உறுப்பு அதுதான் என்று அவர் சொல்ல, மறுத்துப் பேச ஆளில்லை.

ஆனால் அவர் காதுக்குக் கை கொண்டுபோனால் எதிரணி உஷாராகிறது. தொப்பிக்குப் போனால் முன்னால் ஓடி வந்து நிற்கிறது. எந்த அணியோடு ஆடினாலும் இதே கதை. சைகை முழுவதும் வெளியே போய்விட்டது!

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவர் மேனேஜர். மற்ற ஆறு நாளும் மருந்துக் கிடங்கில் சரக்கு சரிபார்ப்பவர். பெட்டியை எடு, பெயரைப் படி, எண்ணிக்கையைச் சொல், டிக் அடி. இருபத்திரண்டு வருடமாக இதே வேலை, இதுவரை ஒரு பெட்டி மாறியதில்லை. கிடங்கில் அவரை யாரும் மேனேஜர் என்று கூப்பிடமாட்டார்கள். அங்கே ஏற்கெனவே மூன்று மேனேஜர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு காலையில் அந்தத் தொப்பியை எடுத்துத் தலையில் வைக்கும்போதுதான் தானும் ஒரு ஆள் என்ற எண்ணம் அவருக்கு வரும். அந்த ஒரு எண்ணத்துக்காகத்தான் மனிதர் வாரம் முழுக்க உயிரோடு இருந்தார்.

அந்தத் தொப்பிக்கே இப்போது ஆபத்து வந்திருந்தது. லீக் செயலாளரிடமிருந்து கடிதம். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அணிக்கு அடுத்த வருடம் இடம் கிடையாதாம். பாக்கி இருப்பது ஒரே ஆட்டம். அதுவும் யாரோடு? பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் மச்சான் அணியோடு. மச்சான் என்றால் சொந்த மச்சான்தான், மனைவியின் அண்ணன். டயர் கடைக்காரர்.

திங்கட்கிழமை சாயங்காலம் மேனேஜர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, புத்தம் புதிதாகச் சைகைகளை எழுதினார். மூக்கு, முழங்கை, முழங்கால். எழுதியதை அலமாரியில் வைத்து, "வச்சாச்சு, பூட்டியாச்சு, சாவி பையில போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டே திரும்பினால், மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"சரிண்ணே... ஆமாண்ணே... நான் பாத்துக்கறேண்ணே."

மேனேஜருக்கு மண்டையில் மணி அடித்தது.

"யாரு போன்ல?"

"எங்கண்ணன்."

"என்ன சொன்னே?"

"அம்மாவுக்குக் கண்ணாடி மாத்தணும்னு சொன்னாரு. ஏன்?"

"கண்ணாடியா? இல்ல மூக்கு, முழங்கையா?"

அவள் அவரை ஒரு நிமிடம் ஏற இறங்கப் பார்த்தாள். "என்னங்க, நிஜமாவே கேக்கறீங்களா? நீங்க மூக்கைத் தொடறதை எங்கண்ணன்கிட்டச் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? நாலு வருஷமா உங்க சட்டையில இருக்கற மண்ணைத் துவைக்கறவ நான். என்னையா சந்தேகப்படறீங்க?"

"சந்தேகம்னு சொல்லல. விசாரிக்கறேன்."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த நிமிடத்திலிருந்து அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டைச் சுட்டிக்காட்டினால் சாப்பாடு தயார். வாசலைக் காட்டினால் குப்பையைக் கொண்டுபோய்ப் போடு. நெற்றியில் அடித்துக்கொண்டால் அதற்கு விளக்கமே தேவையில்லை. தன் ஆட்கள் ஒரு வருடத்தில் கற்காததை அவர் ஒரே நாளில் கற்றுக்கொண்டார்.

புதன்கிழமை பயிற்சி. புதுச் சைகை, அதற்கு மேல் புதுப் பாதுகாப்பு.

"கவனமாக் கேளுங்க. மூக்குன்னா ஓடு. ஆனா ஒத்தைப்படைச் சுற்றுல மூக்குன்னா நில். இரட்டைப்படைச் சுற்றுல முழங்கைன்னா தட்டு. முழங்கைக்கு முன்னாடி நான் தும்மினா எல்லாமே தலைகீழ்."

"நிஜமாவே தும்மல் வந்தா?" என்று கேட்டார் பல் டாக்டர். அணியில் அவர் பந்தை வாங்குபவர், முகத்தில் கம்பிக்கூண்டு மாட்டிக்கொண்டு பேட்டுக்குப் பின்னால் குந்தியிருப்பவர்.

"வராது."

"எங்க பேக்கரியில மாவு சலிக்கறப்போ எனக்குக்கூட வராதுன்னுதான் நினைப்பேன்," என்றார் பேக்கரிக்காரர்.

வெள்ளிக்கிழமை அதையும் மாற்றினார். உளவாளி அணிக்குள்ளேயே இருந்தால்? அதனால் ஆளுக்கொரு சைகை. தபால்காரருக்கு மூக்கென்றால் ஓடு, பேக்கரிக்காரருக்கு மூக்கென்றால் அடி, பல் டாக்டருக்கு மூக்கென்றால் நில். ஒருவருடையது இன்னொருவருக்குத் தெரியக்கூடாது.

"சார், நான் தினம் இருநூறு வீட்டு விலாசம் ஞாபகம் வச்சிருக்கறவன்," என்றார் தபால்காரர். "எனக்கே தலை சுத்துது."

"சுத்தட்டும். ரகசியம் முக்கியம்."

சனிக்கிழமை அந்த ரகசியத்தின் சாயம் வெளுத்துவிட்டது. மேனேஜர் மூக்கைத் தொட்டார். தபால்காரர் ஓடினார். அவர் ஓடுவதைப் பார்த்து மிரண்டுபோன பேக்கரிக்காரர், அடிப்பதா விடுவதா என்று திணறி, கண்ணை மூடிக்கொண்டு பேட்டைச் சுழற்றினார். இந்த வருடத்திலேயே அவர் அடித்த சுத்தமான அடி அதுதான். பந்து நேராகப் போய் மேனேஜரின் தாடையில் விழுந்தது.

பல் டாக்டர் கூண்டைத் தூக்கிவிட்டு ஓடி வந்தார். "வாயைத் திறங்க. ம்ம்... கடைவாய்ப் பல்லு போச்சு சார். நாளைக்குக் காலையில எடுத்துடணும்."

"நாளைக்கு மேட்ச்!"

"அதான் சொல்றேன். மேட்சுக்கு முன்னாடி எடுத்துடுவோம்."

ஞாயிறு காலை பல்லை எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் பஞ்சை உருட்டித் திணித்தார் டாக்டர். "கடிச்சுக்கிட்டே இருங்க. மேட்ச் முடியற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினீங்கன்னா ரத்தம் நிக்காது. அப்புறம் நான் பொறுப்பில்ல."

மேனேஜர் தலையாட்டினார். பேசாமல் இருப்பது அவருக்குச் சிரமமில்லை. சைகைக்கு வாய் எதற்கு?

மைதானத்தில் இன்னொரு இடி காத்திருந்தது. ஒருத்தருக்கும் எந்தச் சைகையும் ஞாபகம் இல்லை. திங்கள் சைகை, புதன் சைகை, வெள்ளி சைகை எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது.

"இப்படிச் செய்வோம்," என்றார் தபால்காரர். "பழைய சைகையே போதும். காது, தொப்பி, தொந்தி. அது மட்டும்தான் எல்லாருக்கும் மனப்பாடம்."

"ஆமா ஆமா!" என்று ஒன்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

மேனேஜர் குறுக்கே போய் நின்றார். அது ஊருக்கே தெரிந்த சைகையாயிற்றே! "ம்ம்! ம்ம்ம்!" என்று கையை ஆட்டினார். அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் ஆளுக்கொரு திசையாக ஓடிவிட்டார்கள். சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். பேனா கிடங்கில் இருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய் நின்றார். மனைவி எதிர்ப்பக்கத்தில் அண்ணன் வீட்டாரோடு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்தபோது தாடையைவிட நெஞ்சுதான் வலித்தது.

மூன்றாவது பேஸில் வழக்கம்போல மச்சான் அணிக்காரரான நூலகர் நின்றிருந்தார். மெலிந்த உருவம், சாதுவான மனிதர், மேனேஜருக்கு இரண்டு கை தூரத்தில் நிற்பார், தேவையில்லாமல் பேசமாட்டார்.

முதல் சுற்று. தபால்காரர் முதல் பேஸில். வருவது வரட்டும் என்று மேனேஜர் காதைத் தொட்டார். தபால்காரர் ஓடினார். பந்து வரவில்லை! எதிரணி பந்துவீச்சாளர் ஏதோ யோசித்துக்கொண்டு நின்றார்.

மேனேஜருக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டாவது சுற்றில் தொப்பியைத் தொட்டார். பல் டாக்டர் மெல்லத் தட்டினார். யாரும் முன்னால் வந்து நிற்கவில்லை. பந்து புல்லில் சாவகாசமாக உருண்டது, டாக்டர் பேஸில் போய் நின்றார்.

நூலகர் இரண்டடி நெருங்கி வந்தார். "சார், உடம்பு சரியில்லையா?"

மேனேஜர் தாடையைக் காட்டித் தலையசைத்தார்.

"அடடா," என்றார் நூலகர். முகம் வாடிவிட்டது. எவ்வளவு நல்ல மனிதர், எதிரணியில் இருந்தும் இத்தனை அக்கறையா என்று மேனேஜருக்கு மனம் இளகியது.

ஆட்டம் ஏறி இறங்கி ஏறியது. ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் டாக்டர் கூண்டும் கவசமுமாக ஓடி வந்து, பழைய பஞ்சை எடுத்துப் புதுப் பஞ்சை வைத்துவிட்டுப் போனார். மச்சான் தன் ஆட்களைப் பார்த்துக் கத்த, அவர்கள் எல்லோரும் மூன்றாவது பேஸைப் பார்க்க, நூலகர் உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்தார். கடைசிச் சுற்றில் மூன்றுக்கு மூன்று.

தபால்காரர் முதல் பேஸில். காது. ஓடினார், இரண்டாவது பேஸ். மறுபடி காது. ஓடினார், மூன்றாவது பேஸ்! இந்த வருடம் மேனேஜர் காதைத் தொட்டு ஒரு ஆள் மூன்றாவது பேஸ் வரைக்கும் வந்து சேர்வது இதுதான் முதல் தடவை. கட்டிப்பிடிக்கப் போனவர், ஆடுகிறவரைத் தொடக்கூடாது என்ற விதி ஞாபகம் வந்து கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

பேட்டோடு வந்தவர் பேக்கரிக்காரர். அந்த உடம்பைப் பார்த்ததும் பந்து வீசுபவரையும் வாங்குபவரையும் தவிர எதிரணி மொத்தமும் எல்லைக்குப் போய் நின்றது. மேனேஜரின் கை தொந்தி வரைக்கும் வந்தது. அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு மெல்ல மேலே போய்த் தொப்பியைத் தொட்டது.

பேக்கரிக்காரர் கண்ணை விரித்தார். பந்து வந்தது. தூங்குகிற குழந்தையின் முதுகில் தட்டுவதுபோல அதைத் தட்டினார். பந்து மூன்றாவது பேஸ் பக்கமாகப் பாதி தூரம் உருண்டு நின்றது. பிடிக்க அங்கே ஆளே இல்லை. நூலகர் ஓடி வந்து குனிவதற்குள், தபால்காரர் மண்ணைக் கிளப்பிக்கொண்டு சறுக்கிப் போய்க் கடைசி பேஸைத் தொட்டுவிட்டார்.

நாலுக்கு மூன்று! ஜெயித்தாயிற்று!

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. பேக்கரிக்காரர் முதல் பேஸிலேயே உட்கார்ந்து அழுதார். தபால்காரர் நடுவரைத் தூக்கிச் சுற்றினார். ஒன்பது பேரும் சேர்ந்து மேனேஜரைத் தோளில் ஏற்றி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு, பஞ்சைக் கடித்துக்கொண்டே மனிதர் சிரித்தார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. அடுத்த வருடமும் உண்டு! ஞாயிற்றுக்கிழமை உண்டு!

இறக்கிவிட்டதும் டாக்டர் பஞ்சை எடுத்தார். "இப்ப பேசலாம் சார்."

ஒரு நாள் பேச்சு முழுக்க உள்ளே கிடந்ததல்லவா? மடை திறந்த மாதிரி வந்தது. "பாத்தீங்களாய்யா மூளையை! பழைய சைகையை இவன் இனிமே தொடமாட்டான்னு அவங்க நினைச்சாங்க. நான் அதையே காட்டினேன். அதுக்குப் பேருதான் மேனேஜர்!"

மச்சான் கை கொடுக்க வந்தார். தங்கையும் கூட வந்தாள், ஆறு நாள் மௌனத்தோடு.

"பிரமாதம் மாப்ளே. ஒத்துக்கறேன்."

மேனேஜர் மனைவியைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன மச்சான், தங்கச்சி அனுப்பின தகவல் இன்னைக்குப் பலிக்கலையா?"

"தங்கச்சியா? அவளா? அவளுக்கு பேட் எது, விறகுக்கட்டை எதுன்னு தெரியாது மாப்ளே!"

"அப்ப வருஷம் பூரா எங்க சைகையை உங்களுக்குச் சொன்னது யாரு? பேரைச் சொல்லுங்க. இன்னைக்கு ஜெயிச்சுட்டேன், கோபப்பட மாட்டேன்."

மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு நூலகரைப் பார்த்தார். நூலகர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"நீங்கதான் சார். காதைத் தொடும்போதெல்லாம் 'காது, ஓடு'ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேதான் தொடுவீங்க, லீக்ல இருக்கற எந்த மூணாவது பேஸ்காரனும் உங்க கையைப் பாக்கறதே இல்ல, காதுல விழறதைக் கேட்டாலே போதும். இன்னைக்குத்தான் உங்க வாயில பஞ்சு."