ஒரு வீட்டுக்கு ஒரு பேர்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சத்தைக் கடை சொல்லித் தந்தது. கடை சொல்லித் தராததை நானே தெரிந்ததாக வைத்துக்கொண்டேன். இப்போது சொல்லப்போவது அந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. அப்போது எனக்கு அறுபது தாண்டியிருந்தது. சின்ன வயசுத் திமிர் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

நாகர்கோவிலில் எங்களுக்குப் பாத்திரக்கடை. எவர்சில்வர், பித்தளை, வெண்கலம் எல்லாம் உண்டு. என் வீட்டுக்காரர் போன பிறகு கல்லாவில் நான்தான். யாவாரத்தில் பெரும்பங்கு கல்யாணச் சீர்ப் பாத்திரம். வாங்குகிற பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுப்போம். கடை வாசலில் மணி ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பேர் வெட்டுகிற மெஷினை ர்ர்ர் என்று ஓட்டிக்கொண்டே இருப்பார். அவருக்கும் என் வயசுதான். எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டில், சாவு வீட்டில், அம்மன் கொடையில் எங்கே நாகர்கோவில் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தாலும் மணி கையெழுத்து இருக்கும்.

என் மருமகள் சுஜிதா, பெங்களூரில் உள்ள ஒரு கம்பெனிக்கு எங்கள் மாடியில் இருந்தே வேலை பார்க்கிறாள். டேட்டாபேஸ் போடுகிற வேலை. யார் யார் கடைக்கோ போட்டுக் கொடுக்கிறவள், நம் கடைக்கும் ஒன்று போடுகிறேன் என்றாள். எனக்குச் சம்மதம்தான். ஆனால் என்னைக் கேட்காமல் என் கடையில் ஒரு கரண்டி இடம் மாறியது கிடையாது. அதனால் பக்கத்தில் நாற்காலி போட்டு நானும் உட்கார்ந்தேன்.

சுஜிதா குக்கர் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்து, மார்க்கரால் கட்டம் போட்டாள். ஒரு கட்டத்தில் வீடு, ஒன்றில் பாத்திரம், ஒன்றில் ஆர்டர். நடுவே கோடுகள்.

“அத்தை, ஒவ்வொரு கட்டமும் ஒரு டேபிள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர். ஆர்டர்ல அந்த நம்பரை மட்டும் போட்டா போதும், விலாசம், போன் எல்லாம் தானா வந்து நிக்கும். விலாசம் மாறினா ஒரு எடத்துல மாத்தினா எல்லா எடத்துலயும் மாறிரும். ஒரே விஷயத்த ரெண்டு எடத்துல எழுதப்படாது. அதான் இதுக்க அடிப்படை.”

எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. (பிடிபட்டதுதான் வினை.)

“அப்பம் பேர் வெட்டுதுக்கு உள்ள பேரை எங்க போடுவ?”

“ஆர்டரோட அத்தை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நேரா.”

நான் சிரித்தேன். எனக்கு இப்போதும் அந்தச் சிரிப்பு காதில் கேட்கிறது; கேட்டால் கூசுகிறது.

“மக்ளே, அம்பது பாத்திரத்துக்கு அம்பது தடவ ஒரே பேரா? ரெண்டு எடத்துல எழுதப்படாதுன்னு இப்பந்தானே சொன்ன? பாத்திரத்துப் பேரு வீட்டுக்கு உள்ளதுல்லா. வீட்டுக் கட்டத்துல போடு.”

நான் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் அக்கம்பக்கத்துச் சருவமும் குடமும் எல்லாம் அங்கேதான் போகும். முடிந்த பிறகு கவிழ்த்துப் பேரைப் பார்த்து அவரவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதற்குத்தான் பேரே. ஒரு வீடு, ஒரு பேர்.

“ஒரு வீட்டுல ரெண்டு பேரு வந்தா?” என்றாள் சுஜிதா.

“வராது.”

“கல்யாணம்னா பொண்ணு பேருதானே வெட்டுவோம்?”

“அப்பம் பொண்ணு பேரைப் போடு. கல்யாணம் முடிஞ்சா மாத்து.”

“ஒரே சமயத்துல ரெண்டு விசேஷம் வந்துட்டுன்னா அத்தை?”

“நாப்பது வருசமா கடைல இருக்கேன். ஒரு நேரத்துல ஒரு வீட்டுக்கு ஒரு பேருதான்.”

அவள் மார்க்கரின் மூடியைக் கடித்தாள். பிறகு என் மகன் ராஜேஷைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்தான். (மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே எங்கள் வீட்டு ஆண்களுக்கு மின்விசிறிதான் துணை.) கடைசியில் நான் சொன்னபடியே வைத்தாள். ஒரு காப்புக்கு, பேரை மாற்றப் போனால் “பழைய பேரை மாற்றவா?” என்று கம்ப்யூட்டர் ஒரு தடவை கேட்கும்படியும் செய்தாள்.

அதற்குப் பிறகு நான் போட்ட ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்து ஜவுளிக்கடைக்காரரிடம், பூக்காரியிடம், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருந்த ஒரு டீச்சரிடம்கூட, “கம்ப்யூட்டர்ல ஏத்தினது மருமவதான். ஆனா டிசைனு பாதி எனக்கது” என்று சொன்னேன். அந்த டீச்சர் மேலாங்கோட்டில் இறங்க வேண்டியவள், ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டாள்.

சில மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அப்போதுதான் லீலா வந்தாள். பழைய வாடிக்கை. மகள் சுபலெட்சுமிக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்கு ஊர் அஞ்சுகிராமம். குத்துவிளக்கு, குடம், உருளி, சருவம், தட்டு, டம்ளர், கரண்டி என்று ஒரு முழுச் சீருக்குச் சொல்லி, பேர் ‘சுபலெட்சுமி’ என்று கொடுத்துவிட்டுப் போனாள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வெட்டிக் கட்டினால் போதும் என்று ஏற்பாடு.

நடுவில் லீலா இன்னொரு தடவை வந்திருக்கிறாள். அவள் மகனுடைய பிள்ளைக்குச் சோறு கொடுக்கிற நாள். ஒரு சின்னக் கிண்ணம், அதில் பிள்ளை பேர் வெட்ட வேண்டும். ராஜேஷ் கல்லாவில் இருந்தான். நான் உள்ளே ஒரு வெண்கல உருளிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

“அம்மா, பழைய பேர மாத்தவான்னு கேக்குது!” என்று அங்கிருந்து கத்தினான்.

“மாத்து மக்கா! நாந்தான் அப்படி வைக்கச் சொன்னேன்!” என்று இங்கிருந்து கத்தினேன். என்ன பேர், யார் வீடு என்று கேட்கவில்லை. உருளி வாங்க வந்தவள் என் வழிக்கு வருகிற நேரம், எப்படிக் கேட்பேன்?

கிண்ணத்தில் பேர் சரியாகத்தான் விழுந்தது. லீலாவுக்குச் சந்தோஷம்.

சீர்ப் பாத்திரம் வெட்டுகிற நாளில் சுஜிதா திருவட்டாறில் உள்ள தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். மணி கம்ப்யூட்டர் துப்பிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“அம்மா, இது சுபலெட்சுமி கல்யாணச் சாமானம்தானே?”

“ஆமா.”

“பேரு ‘அஸ்வின் செல்லம்’னுல்லா வந்திருக்கு.”

“மாப்பிள பேரா இருக்கும்.”

“செல்லம்னுமா போடுவாவ?”

“இப்பம் உள்ள பிள்ளைகள்லாம் போடும். கம்ப்யூட்டர்ல என்ன வந்திருக்கோ அத வெட்டும் ஓய். அது டிசைனு தப்பாது.”

“லீலாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டா...”

“கேட்டா நம்ம கடைக்கு என்ன மரியாத?”

மணி வெட்டினார். ஒரு பாத்திரம் விடாமல் வெட்டினார். குத்துவிளக்கின் அடித்தட்டில் கொஞ்சம் பெரிய எழுத்தாகவே வெட்டினார், விளக்காச்சே என்று. எல்லாம் பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கட்டுப்பட்டு, கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் வண்டியில் நேராக மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது.

சாயங்காலம் லீலா போன் செய்தாள். முதலில் அழுகைதான் வந்தது. பிறகு பேச்சு.

“யக்கா, எனக்க பிள்ளைக்க வாழ்க்கைல மண்ணள்ளிப் போட்டுட்டேளே. மாப்பிளைக்குப் பேரு சிவகுமாரு. அஸ்வின் செல்லம் ஆருன்னு அங்க வீடு பூரா கேக்காவ. ஆளு ஆருன்னு தெரியாம நாளைக்கி தாலி கெட்ட மாட்டோம்னு சொல்லுதாவ!”

சுஜிதா அன்றைக்குத்தான் திரும்பி வந்திருந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். மணியையும் மெஷினையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் அஞ்சுகிராமம் போனோம். வழியில் சுஜிதா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்.

“அத்தை, பழைய பேர மாத்தவான்னு அது கேட்டுதா?”

“கேட்டுது.”

அதற்கப்புறம் அவள் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாப்பிள்ளை வீட்டில் முன்கூடமான பட்டாசாலை முழுக்கப் பாய் விரித்து, பாத்திரங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பேர் தெரிகிற மாதிரி. சிவகுமார் ஒரு டம்ளரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெரியம்மை ஒருத்தி நடுவில் உட்கார்ந்திருந்தாள். நல்ல கட்டையான குரல்.

“வாங்க. நீங்கதான் கடைக்காரியா? இந்தச் செல்லம் ஆருன்னு சொல்லிட்டு இருங்க.”

நான் விளக்கினேன். வீடு ஒரு கட்டம், ஆர்டர் ஒரு கட்டம், ஒரே விஷயத்தை ரெண்டு இடத்தில் எழுதப்படாது என்று எல்லாம் விளக்கினேன். கையால் காற்றில் கோடுகூடப் போட்டேன்.

“ஒரு வீட்டுக்கு ஒரு பேருன்னு வச்சிருந்தோம்மா. அதுல பொண்ணு பேரு மேல பிள்ள பேரு ஏறிட்டு.”

“ஒரு வீட்டுக்கு ஒரு பேரு எப்படிக் காணும், போதுமா?” என்றாள் பெரியம்மை. “நீங்களும் இந்த மருமவளும் ஒரே பேரா?”

சுஜிதா தலையைக் குனிந்துகொண்டாள். வருத்தம் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது.

நல்ல வேளையாக அப்போது லீலா, சோறு கொடுத்த கிண்ணத்தையும் பேரனையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பல்கூட முளைக்காத அஸ்வின் செல்லத்தைப் பாயில் இறக்கிவிட்டாள். அவன் தவழ்ந்து போய் ஒரு கரண்டியை எடுத்து, குடத்தில் ஓங்கி ஓங்கி அடித்தான். சிவகுமார் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, “இவருதானா?” என்று கேட்டான். அதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் கோபத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை, பெரியம்மையைத் தவிர.

“செரி. பேருக்கு என்ன செய்யது? வாசல் ஏறின சீரு திரும்ப எறங்கப்படாது. புதுசு வேண்டாம்” என்றாள் அவள்.

மணி ஒரு தட்டைத் தடவிப் பார்த்தார். “அழிச்சா வடு கெடக்கும். புதுப் பொண்ணுக்கச் சாமானம் ரெண்டாம்தாரத்துச் சாமானம் மாதிரி ஆயிரும்.”

கடைசியில் லீலா மகளுக்கே போன் போட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி வைத்தாள். சுபலெட்சுமி அழுது முடித்த குரலில், ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

“அழிக்க வேண்டாம். அவனுக்கு நான் அத்தைதானே. அவன் பேருக்குப் பொறத்தால ‘அத்தை சுபலெட்சுமி’ன்னு சேத்து வெட்டச் சொல்லுங்க.”

“பொண்ணுக்கு மண்டை இருக்கு” என்றாள் பெரியம்மை. அத்தோடு கல்யாணம் உறுதியானது.

மணி பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மெஷினைச் சொருகி உட்கார்ந்தார். ‘அஸ்வின் செல்லம் அத்தை சுபலெட்சுமி’. குடத்திலும் உருளியிலும் நன்றாகவே அமைந்தது. டம்ளரில் எழுத்து ஒரு சுற்று சுற்றி, ஆரம்பித்த இடத்திலேயே வந்து முட்டியது. கரண்டியில் ‘அத்தை’ வரைக்கும்தான் இடம் இருந்தது. மணி என் முகத்தைப் பார்க்காமலே வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து நீட்டினேன். அன்றைக்கு என் டிசைன் வேலை அதுதான்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மறுநாளே சுஜிதா கட்டங்களைத் திருத்தினாள். பேர் தனிக் கட்டத்துக்குப் போனது. ஒரு வீட்டுக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம், ஒவ்வொன்றும் அதனதன் ஆர்டரோடு கட்டுப்பட்டிருக்கும். நான் யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்குத் திரும்பி வருகிற பாத்திரத்தை நினைத்துத்தான் நான் சொல்லியிருந்தேன். சீர்ப் பாத்திரம் வீட்டை விட்டுப் போவது. அதையே விற்றுப் பிழைத்தவளுக்கு அது தோன்றவில்லை. இதைச் சுஜிதாவிடம் சொன்னேன். “செரி அத்தை” என்றாள். இப்போதும் வீட்டில் நான் எதையாவது அடித்துப் பேசினால், ராஜேஷ் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, “பழைய பேர மாத்தவா?” என்று கேட்பான். தோசை மாவுக்கு உப்புப் போதும் என்று சொன்னால்கூட.

நான் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன வருஷம் அஸ்வின் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினான். லீவுக்கு அஞ்சுகிராமம் போனவன், அத்தை வீட்டு அடுக்களையில் ஒவ்வொரு பாத்திரமாகக் கவிழ்த்து வாசித்திருக்கிறான். ஊர் வழக்கப்படி பேரைப் பார்த்து, தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வருகிறான். முதல் பேர் அவன் பேர்தானே, யார் என்ன சொல்ல முடியும்? முதலில் ஒரு டம்ளர் வந்தது. அடுத்த லீவில் ரெண்டு தட்டும் ஒரு சருவமும்.

போன வாரம் சுபலெட்சுமி கடைக்குப் போன் செய்தாள்.

“ஆச்சி, உருளியயும் கொண்டு போயிட்டான். குத்துவிளக்க மட்டும் தூக்கப் பாத்தான், முடியல. அடுத்த லீவுக்கு அவனுக்க அப்பாவக் கூட்டிட்டு வாறானாம்.”