அகராதியில் இல்லாத நோய்

"எக்கிமோசிஸ்னா என்ன சார்?" என்று மேனேஜர் கேட்டதும் புரூஃப் ரீடருக்கு வியர்த்துவிட்டது.

இருபது வருடமாக அந்த அச்சகத்தில் எந்தச் சொல்லுக்கும் அவர்தான் பொருள் சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார். விசிட்டிங் கார்டில் ஓர் ஒற்று விட்டுப்போனதற்காக மிஷினையே நிறுத்தியவர்.

முந்தின நாள் மேஜை முனையில் இடித்துக்கொண்டதில் தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம் பாய்ந்திருந்தது. டாக்டர் அந்தச் சொல்லை உதிர்த்து, இரண்டு நாள் விடுப்புக்குச் சீட்டும் கிறுக்கிக் கொடுத்தார். பொருள் கேட்க இவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சீட்டை நீட்டியபோது மேனேஜரிடமும் அந்தச் சொல்லையே சொல்லிவைத்தார்.

"ரத்த சம்பந்தமானது," என்றார் பொதுவாக.

"தொத்துமா?"

"அதைச் சொல்ல முடியாது." அது மட்டும் உண்மை.

மேனேஜர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போனதும், காதில் விழுந்தபடி எழுத்துக்கூட்டி ஆங்கில அகராதியில் தேடினார். அப்படி ஒரு சொல்லே இல்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி அகராதியைப் பிடுங்கித் தானும் புரட்டினாள்.

"அகராதியிலயே இல்லாத வியாதியாங்க உங்களுக்கு வரணும்?"

அவளைத் தேற்றுவதற்காக, லட்சத்தில் ஒருவருக்குத்தான் வரும் என்று சொல்லிவைத்தார். அவள் உடனே தன் தம்பிக்குப் போன் போட்டாள். மச்சான் அரை மணி நேரத்தில் நான்கு நண்பர்களோடு வந்து நின்று, என்ன குரூப் ரத்தம் வேண்டும் என்று கேட்டான். சும்மா திருப்பி அனுப்பினால் நன்றாக இருக்காதே என்று இவரும் குரூப்பைச் சொல்லித் தொலைத்தார்.

மறுநாள் அச்சகமே திரண்டு வீட்டுக்கு வந்தது. சம்பளத்தோடு ஒரு மாதம் விடுப்பு என்று மேனேஜர் தழுதழுத்த குரலில் அறிவித்தார். மிஷின்காரர் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, அவசரப்பட்டு வந்துவிட வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தன்மேல் இவர்களுக்கு இத்தனை பாசமா என்று புரூஃப் ரீடர் நெகிழ்ந்துபோனார். அந்த நல்ல மனிதர்களுக்காவது உண்மை தெரிய வேண்டும் என்று, கௌரவத்தை ஒதுக்கிவிட்டுக் கிளினிக்குக்கு ஓடினார்.

டாக்டர் இல்லை. நர்ஸ்தான் இருந்தாள்.

"ரத்தக்கட்டுக்கு அதுதான் சார் பேரு. நேத்தே உங்க மேனேஜர் போன்ல கேட்டாரே, சொன்னேன். தொத்தாது, ரெண்டு நாள்ல வேலைக்கு வந்துடுவாருன்னதும், ஒரு மாசம் ரெஸ்ட்டுனு மாத்தி எழுதித் தர முடியுமான்னு கெஞ்சினாரு."