றோலர் கோஸ்டரில் மாப்பிள்ளை பார்த்த கதை

கல்முனை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சான் சப்ரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல இறைவன் அருளால் நானும் என் வீட்டுக்காரி, உங்கள் ராத்தா கமீலாவும் சுகமாக இருக்கிறோம். டோஹா வெயிலில் நிற்கும் உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாதென்று தொழுகைக்குத் தொழுகை கேட்டுக்கொள்கிறோம். உங்கள் வீட்டில் அப்ராவும் மகள் அம்ஹாவும் நலம், கோழிகளும் நலம். பக்கத்து வீட்டு முஸ்தாக் லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்புகிறான். கருவாட்டுப் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன், மணத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். வொய்ஸ் போட்டால் என்ன நடக்குமென்று உங்களுக்கே தெரியும். போன நோன்பில் உங்களுக்கென்று நான் போட்ட வொய்ஸ் குடும்பக் குறூப்புக்குப் போய்விட்டது. உங்கள் மூத்த ராத்தாவின் நோன்புக் கஞ்சியைப் பற்றி நான் சொன்னதை முதல் ஆளாகக் கேட்டது அவர்தான். இன்னும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

விடயத்துக்கு வருகிறேன். அம்ஹாவுக்கு வந்திருக்கும் சம்பந்தத்தை நான் நேரில் போய்ப் பார்த்து எழுதவேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். மாப்பிள்ளை றிஷாட், சீனிமுகம்மது ஹாஜியாரின் மகன், வாப்பாவும் மகனுமாகச் சவளக்கடைப் பக்கம் வயலுக்கு நடுவில் ஓர் உல்லாசப் பூங்கா நடத்துகிறார்கள், அதில் றோலர் கோஸ்டர் இருக்கிறது, இந்தக் கரையில் றோலர் கோஸ்டரைப் பற்றி விளங்கியவன் நான் ஒருவன்தான், ஆகவே பொறுப்பு என் தலையில் விழுந்தது. போவதற்கு முன் அம்ஹாவிடம் அவளுடைய விருப்பத்தைக் கேட்டேன். "மாமா பாத்துட்டு வந்து சொன்னாச் செரி" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்குப் போனதுதான் என் நித்திரை. உங்களுக்கு இருப்பது ஒரே மகள். நான் ஓம் என்று எழுதினால் ஓம், இல்லை என்று எழுதினால் இல்லை. பிழையாகப் போனால் காலம் முழுக்க அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? அதனால் ஒளிக்காமல் முதலிலேயே எழுதிவிடுகிறேன். இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம்.

காரணத்தைச் சொல்லுமுன் என் தகுதியைச் சொல்லவேண்டும். அபூதாபியில் நான் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டிய காலத்தில், அறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஜும்ஆ முடிந்ததும் குறட்டை விட்டார்கள், நான் பஸ் ஏறிக் கோஸ்டர் தேடிப் போனேன். மரக் கோஸ்டர், இரும்புக் கோஸ்டர், காலைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிற கோஸ்டர், ஆளையே தலைகீழாகத் தொங்கவிடுகிற கோஸ்டர், ஒன்றையும் நான் விடவில்லை. நல்ல கோஸ்டர் என்றால் குடல் தொண்டைக்கு வரவேண்டும், கலிமா தானாக வாயில் வரவேண்டும், இறங்கியவுடன் பெண்டாட்டிக்குப் போன் கோல் எடுக்கவேண்டும் போல் இருக்கவேண்டும். அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை தவறாமல் நான் கோல் எடுத்ததற்குக் காரணம் இதுதான். உங்கள் ராத்தா அதை வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறாள், நினைத்துக்கொண்டே இருக்கட்டும். ஊருக்கு வந்த பிறகு மொட்டை மாடிப் படியைத் தவிர நான் வேறு எதிலும் ஏறவில்லை. சவளக்கடையில் கோஸ்டர் என்றதும் மாப்பிள்ளை நினைவு போய்விட்டது, கோஸ்டர் நினைவுதான் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆதம்பாவாவின் ஓட்டோவில் புறப்பட்டோம். யாரென்று காட்டிக்கொள்ளாமல் சாதாரண ஆட்களாக உள்ளே போய், பையனை நன்றாகக் கவனித்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டம். உங்கள் ராத்தா கலியாண வீட்டுக்கு உடுக்கிற அபாயாவை உடுத்திக்கொண்டு வந்தாள். மடியில் ஒரு பெட்டி. என்ன அது என்று கேட்டேன், வீட்டில் கிண்டிய தொதல் இனிப்பு என்றாள். இரகசியமாகப் பார்க்கப் போகிற இடத்துக்குத் தொதல் எதற்கு என்று கேட்டால், மாப்பிள்ளை வீட்டாரிடம் வெறுங்கையோடு எப்படிப் போவது என்கிறாள். டிக்கட் கவுண்டரில் நான் டிக்கட் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெட்டியை ஜன்னலுக்குள் நீட்டி, அம்ஹாட மாமி தந்த எண்டு ஹாஜியாரிட்டக் குடுங்க என்று சொல்லிவிட்டாள். அடுத்த நிமிடம் சீனிமுகம்மது ஹாஜியார் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் போன இடமெல்லாம் எங்களுக்குப் பின்னால் இளநீரும் வந்தது.

பூங்காவைப் பற்றி என்ன எழுத? வாசலில் சீமெந்து டைனோசர் ஒன்று நிற்கிறது, அதன் வாலில் யாரோ சாரத்தைக் காயப் போட்டிருந்தார்கள். பேய் வீட்டுக்குள் போனோம், பேயைக் காணவில்லை, கேட்டதற்குச் சாப்பிடப் போயிருக்கிறது என்றார்கள். அலைத் தடாகத்தில் அலையும் இல்லை, தடாகத்துக்குத் தண்ணீரும் இல்லை. சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விடுகிற முறை முடிந்தால்தான் தங்களுக்கு வருமாம். இதையெல்லாம் நான் பெரிதாக எடுக்கவில்லை, கோஸ்டர் சரியாக இருந்தால் போதும் என்று இருந்தேன். அதைக் கண்டதும் இதுதானா என்று இரண்டு தரம் கேட்டேன் மச்சான். ஒரு தென்னை மர உயரம்கூட வராது. அது தொடங்குகிற இடத்திலிருந்தே முடிகிற இடம் தெரிகிறது, இரண்டு இடத்திலும் ஒரே ஆள் நின்று கதவு திறக்கிறான். மேலே இழுக்கிற மோட்டார் ஹாஜியாரின் பழைய அரிசி ஆலையில் இருந்து கழற்றியது, போட்டவுடன் நெல்லுக் குற்றுகிற சத்தம் வருகிறது. மாப்பிள்ளை றிஷாட்தான் அதைக் கட்டினானாம், அவனே வந்து எங்களை இருத்தி, இடுப்புக் கம்பியை ஒரு தரம் இழுத்துப் பார்த்தான், மறுகா இழுத்துப் பார்த்தான், அங்கால போய்த் திரும்பி வந்து இன்னொரு தரமும் இழுத்துப் பார்த்தான். இரண்டு பேருக்கு இவ்வளவு நேரமென்றால் பெருநாள் கூட்டத்துக்கு இவன் என்ன செய்வான் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் ராத்தாவும் ஏறினாள். விமானத்தில் கண்ணைத் திறக்காமல் உம்றாவுக்குப் போய்வந்தவள், இந்த உயரத்தைப் பார்த்து, இது பறவால்ல என்று ஏறிவிட்டாள் என்றால் அதன் இலட்சணத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வண்டி மெதுவாக மேலே போனது. உச்சிக்கு வந்தது, முன்சில்லு கீழ்ப்பக்கம் எட்டிப் பார்த்தது, நான் கையைத் தூக்கினேன், அந்த நேரம் அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. மோட்டார் நின்றது. பாங்கு சத்தம் கேட்டால் பூங்காவில் ஒரு மெசினும் ஓடக்கூடாதென்பது ஹாஜியாரின் சட்டமாம். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை, ஆனால் நம்முடைய பகுதியில் எத்தனை பள்ளி என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பாங்கு முடிய அடுத்த ஊர்ப் பள்ளியில் தொடங்கியது, அது முடியக் காற்று திரும்பி இன்னொன்று கேட்டது. எல்லாம் முடிந்து இனிப் போகலாம் என்று பார்த்தால், மோட்டார்ச் சாவியைச் சாரத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஹாஜியார் ஜமாஅத்தோடு தொழப் பள்ளிக்குப் போய்விட்டார். கையைத் தூக்கியபடி இருந்தவன் எப்போது இறக்கினேன் என்று எனக்கே நினைவில்லை.

அந்த வெயிலில் உச்சியில் இருந்தோம். பக்கத்து வயலில் பசளை எறிந்துகொண்டு நின்ற நல்லரெத்தினம் அண்ணன் தலையை நிமிர்த்தி, "காலிதீன் காக்கா, மேல இருந்து பாத்தா பெரிய வாய்க்கால்ல தண்ணி வாறது தெரியுதா?" என்று கேட்டார். உலகத்தில் உள்ள பெரிய கோஸ்டர்களின் உச்சியிலிருந்து பாலைவனத்தையும் கடலையும் பார்த்தவன், வரம்புக்கு மேலால் எட்டிப் பார்த்து, பாதி தூரம், மதகடி வரைக்கும் வந்துவிட்டது, அங்கே சல்வீனியாக் களை அடைத்திருக்கிறது என்று செய்தி சொன்னேன். அவர் மண்வெட்டியோடு போனார், தண்ணீர் வந்தது, எனக்கு நன்றி சொன்னார். அந்தக் கோஸ்டரால் அன்றைக்கு உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

மாப்பிள்ளை இதற்கிடையில் பக்கத்து இரும்பு ஏணியால் ஏறிவந்தான். இறங்குவதென்றால் ஏணியால் பிடித்து இறக்கிவிடுகிறேன், பயமென்றால் இருங்கள் என்றான். உங்கள் ராத்தா ஏணியைப் பார்த்துவிட்டுத் தஸ்பீஹ் மணியை இறுக்கிப் பிடித்தாள். "அப்ப இரிங்க மாமி, வாப்பா வாற வரைக்கும் நான் இஞ்சதான் நிக்கன்" என்று சொல்லிவிட்டு, ஒரு குடையை விரித்து அவளுக்கு மேலே பிடித்துக்கொண்டு ஏணியிலேயே நின்றான். குடை எனக்கு எட்டவில்லை. ஜமாஅத் தவறிப்போகிறதே என்று ஞாபகப்படுத்தினேன், இறங்கித் தொழுதுகொள்கிறேன் என்றான். மாப்பிள்ளை ஜமாஅத்தை விட்டுவிட்டான் என்பதை நான் மனதில் குறித்துக்கொண்டேன். ஹாஜியார் வந்தார், சாவி போட்டார், வண்டி மெல்லக் கிறுகிக் கீழே நகர்ந்தது. இனி விழப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கம்பி திறந்தது. இறங்குங்க மாமா என்கிறான். எப்போது தொடங்குமென்று நான் கேட்டேன், முடிந்துவிட்டது என்றான்.

விசாரித்ததில் விடயம் வெளியே வந்தது. இறக்கத்துக்கு நடுவில் ஒரு தேவையும் இல்லாத இடத்தில் ஒரு பிரேக் போட்டு வைத்திருக்கிறான். இருக்கிற கொஞ்ச வேகத்தையும் அது உறிஞ்சிவிடுகிறது. மச்சான், ஒரு மனிதனை அவன் கட்டிய கோஸ்டரில் கண்டுகொள்ளலாம். துணிவில்லாத ஆள். வாழ்க்கையில் எந்த ஏற்றத்துக்கும் போகமாட்டான், போனாலும் பாதியில் பிரேக் போடுவான். அம்ஹா படித்த பிள்ளை, ஓடியாடுகிற பிள்ளை, இந்த வண்டியில் ஏற்றி அவளைச் சலிக்கவைக்க என் மனம் ஒப்பவில்லை. ஹாஜியார் நல்ல மனிதர், இறங்கியதும் அவர் தந்த புரியாணியும் நல்லது, அதற்காகப் பிள்ளையைக் கொடுக்க முடியாது. வேறு இடம் பார்ப்போம். அக்கரைப்பற்றில் ஒரு பையன் இருப்பதாகத் தரகர் அச்சிமுகம்மது சொல்கிறார், மோட்டார் சைக்கிள் நன்றாக ஓடுவானாம்.

உங்கள் அறையில் உள்ள எல்லோருக்கும் எங்கள் ஸலாம். சம்பளம், சுகம், பாஸ்போட் மூன்றையும் அல்லாஹ் காப்பானாக. கருவாட்டை ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள். எங்களுக்காக துஆச் செய்யுங்கள், நாங்களும் செய்கிறோம்.

வஸ்ஸலாம்.
உங்கள் மச்சான்,
காலிதீன்

பிற்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்த பிறகு றிஷாட் வீட்டுக்கு வந்தான். ஒரு நாளைக்கு வா, கோஸ்டர் என்றால் என்னவென்று காட்டுகிறேன் என்று வாய்க்கு வந்தபடி சொல்லியிருந்தேன், வந்துவிட்டான். தேத்தண்ணி கொடுத்து, கடதாசியில் வரைந்து காட்டினேன். அந்த நடுப் பிரேக்கைக் கழற்றினால் கோஸ்டர் கோஸ்டராகிவிடும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கும் கொஞ்சம் மண்டைக் கனம் ஏறிவிட்டது. "இதக் கழட்டு, நான் மச்சானுக்கு நல்லபடியா எழுதுறன்" என்று சொல்லிவிட்டேன். அவன் படத்தை என் பக்கம் திருப்பி வைத்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்:

"மாமா, கழட்டினா வேகம் வரும், எனக்கும் தெரியும். மாமியப் போல ஆக்கள்தான் இஞ்ச கூட வாறாங்க. ஒராளுக்கு ஒண்டு நடந்தா நான் எங்க போய் நிக்கிற? நீங்க வேணாமெண்டே எழுதுங்க. நான் கழட்ட மாட்டன்."

ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டான், தேத்தண்ணியில் பாதி அப்படியே இருந்தது. உங்கள் ராத்தா கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். வெளியே வந்து கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது மச்சான். பெண் வீட்டு மாமனைச் சந்தோஷப்படுத்த ஒரு சொல் போதும், அந்தச் சொல்லை அவன் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஆட்களின் உயிரை இப்படிப் பார்க்கிறவன் நம்முடைய பிள்ளையை எப்படிப் பார்ப்பான் என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே போய் அம்ஹாவிடம் நடந்ததைச் சொன்னேன். "உங்களுக்கா மாமா மாட்டனெண்டு சொன்னாரு?" என்று கேட்டாள். ஓம் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், மறுகா என் முன்னால் நிற்கவில்லை.

பிள்ளையைக் கொடுங்கள். நாள் குறிக்க லீவுக்கு எழுதிப் போடுங்கள். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம்தான், ஆனால் மாப்பிள்ளையைப் பற்றி நான் எழுதியது மட்டும்தான் பிழை, கோஸ்டரைப் பற்றி எழுதியது அவ்வளவும் உண்மை.